‘சும்மா ஷேட் பண்ணிட்டேன் சார்’: மாணவர் மனம் வைக்காத தேர்வைக் கண்டறியவும் சரிசெய்யவும் ஒரு முழு வழிகாட்டி

ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவருக்கு 40 கேள்வியில் 10 சரி. பாடம் தெரியாமல் இருக்கலாம், கேள்வியைப் படிக்காமலே வட்டத்தை நிரப்பியும் இருக்கலாம். பாடம் தெரியாதவருக்குத் திரும்ப நடத்த வேண்டும். படிக்காமல் நிரப்பியவருக்கு அதே பாடத்தை மூன்றாவது முறை நடத்தினால் இன்னும் சலித்துப்போவார், அடுத்த தேர்வில் இன்னும் வேகமாக நிரப்புவார். மதிப்பெண் பட்டியலில் இருவருக்கும் அதே 10தான். பல பள்ளிகளில் இந்தப் பிரிப்பு நடப்பதே இல்லை. தாள் திருத்தியதும் பெயர் நேராக ‘மெல்லக் கற்போர்’ பட்டியலுக்குப் போய்விடுகிறது.

9 முதல் 12 வரை பாடம் நடத்தும் ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள், வீட்டில் அந்த வயதுப் பிள்ளை இருக்கும் பெற்றோர் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. ஒரு மாலை நேரம், விடைத்தாள் கட்டு, ஒரு எக்செல் தாள் இருந்தால் முதல் மூன்று படிகளை முடித்துவிடலாம்.

படி 1: இந்தத் தேர்வில் யாருக்கு என்ன நட்டம் என்று எழுதிப் பாருங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் இந்த ஆண்டு உங்கள் வகுப்பு எழுதும் எல்லாத் தேர்வையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு கேள்வி: மாணவர் இதை மோசமாக எழுதினால் அவருக்கு என்ன ஆகும்? நன்றாக எழுதினால் அவர் கைக்கு என்ன வரும்?

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வுகளுக்குப் பதில் உடனே வரும். மற்ற வரிகளில்தான் பேனா நின்றுபோகும். 2021 நவம்பர் 12 அன்று 3, 5, 8, 10 வகுப்புகளுக்குத் தேசிய அடைவுத் தேர்வு நடந்தது. 2024 டிசம்பர் 4 அன்று 3, 6, 9 வகுப்புகளுக்கு மத்திய அரசின் மதிப்பீட்டு மையமான ‘பரக்’ அமைப்பின் ஆய்வுத் தேர்வு நடந்தது. இரண்டுமே சில பள்ளிகளை மட்டும் மாதிரியாக எடுத்து நடத்தியவை. முடிவு மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் வந்தது, தேர்வு எழுதிய பிள்ளைக்கு ஒரு வரிகூட வரவில்லை. அலுவலகத்துக்குப் பெரிய பதற்றம், மாணவருக்கு அரை நாள் வகுப்பு இல்லை. அவ்வளவுதான் அதன் மதிப்பு அவர் கண்ணில்.

இந்த முடிவுகளைப் படிப்பதிலும் ஒரு கவனம் தேவை. 2024 ஆய்வில் ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தின் தேசிய சராசரி 37 சதவீதம். நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினாலே 25 வரும். ஒரு பேச்சுக்கு, ஐந்தில் ஒருவர் மனம் வைக்காமல் நிரப்பினார் என்று வைத்துக்கொண்டால், மீதி நால்வரின் சராசரி 40. கணக்கு தெரியாதவர்களே அதிகம் என்ற முடிவு அப்போதும் மாறாது. ஆனால் இரண்டு பள்ளிகளை ஒப்பிடும்போது மூன்று புள்ளி பெரிய வித்தியாசம், பல இடங்களில் அதைவிடக் குறைந்த வித்தியாசத்துக்கே விளக்கம் கேட்கிறார்கள்.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இதற்கு நல்ல பாடம். பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதித்து இரண்டு வருடமும் பிளஸ் டூவே நடத்துகின்றன என்பதால் 2017-18 கல்வியாண்டில் அது வந்தது. அடுத்த ஆண்டே உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் டூவின் 600 மதிப்பெண் மட்டும் போதும் என்று அரசு அறிவித்தது. தேர்வு இருந்தது, மதிப்பெண்ணின் பயன் போனது. ‘பாஸ் ஆனால் போதும்’ என்று மாணவர் கணக்குப் போட்டதில் தவறு சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தப் பொதுத்தேர்வும் போனது.

வெளிநாட்டிலும் இதே கதைதான், வடிவம் மட்டும் வேறு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2015-இல் புதிய மாநிலத் தேர்வு வந்தபோது பதினோராம் வகுப்பினரில் ஏறத்தாழப் பாதிப்பேர் எழுதவே இல்லை. கல்லூரிச் சேர்க்கைக்கு உதவும் வேறு தேர்வுகளும் அதே பருவத்தில்தான் இருந்தன. நம் ஊரில் மாணவர் அப்படித் தேர்வுக்கு வராமல் இருக்க முடியாது. வந்து உட்கார்ந்து, பத்து நிமிடத்தில் வட்டம் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள்.

படி 2: வட்டம் நிரப்பிய ஓ.எம்.ஆர் விடைத்தாளைக் கண்ணால் படியுங்கள்

கணினியில் மதிப்பெண் ஏற்றுவதற்கு முன் தாள்களை மேசையில் பரப்புங்கள். 40 தாளுக்கு 20 நிமிடம் போதும். பார்க்க வேண்டியவை:

வரிசை ஓட்டம். ஒரே எழுத்து தொடர்ந்து ஆறு, ஏழு முறை வருகிறதா? பெரும்பாலும் ‘பி’ அல்லது ‘சி’யாக இருக்கும். விடைக்குறிப்பிலேயே ஒரே எழுத்து நான்கு முறை தொடர்ந்து வந்திருக்கக்கூடும் என்பதால் முதலில் அதைச் சரிபாருங்கள்.

கோலம். ஏ, பி, சி, டி, திரும்ப ஏ, பி, சி, டி என்று படிக்கட்டு போல இறங்கியிருக்கும். சிலர் வளைவாகப் போடுவார்கள். இதை ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

நிரப்பிய விதம். மனம் வைத்து எழுதியவரின் தாளில் வட்டங்களின் அழுத்தம் கொஞ்சம் மாறி மாறி இருக்கும். யோசித்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, பிறகு நிரப்பியிருப்பார். ஒரே மூச்சில் நிரப்பிய தாளில் 21-ஆம் கேள்வியிலிருந்து எல்லா வட்டமும் ஒரே சாய்வில், பாதி பாதியாக, சில இடத்தில் கோட்டுக்கு வெளியே போயிருக்கும். பேனாவை எடுக்காமல் கீழே இறங்கிய தடம் அது.

வினாத்தாள். இதைத்தான் பலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். கணிதத் தாளின் ஓரத்தில் ஒரு கூட்டல்கூட இல்லை, வடிவியல் படத்தில் ஒரு கோடுகூட இழுக்கப்படவில்லை என்றால் விடைத்தாளைவிட அது அதிகம் சொல்லும். உங்கள் பள்ளி நடத்தும் தேர்வுகளிலாவது வினாத்தாளையும் சேர்த்து வாங்கி, அதே எண்ணில் அடுக்கி வையுங்கள்.

வெற்றிடங்கள். கடைசி ஆறு கேள்வி வெறுமையாக இருந்தால் நேரம் போதவில்லை. நடுநடுவே வெறுமை இருந்தால் தெரியாததை விட்டிருக்கிறார், நேர்மையான மாணவர். பாதிக்குப் பிறகு வெறுமையே இல்லாமல் எல்லாம் தவறு என்றால் பாதியில் கைவிட்டிருக்கிறார்.

படி 3: மூன்று சின்னக் கணக்கு

முதல் கணக்கு, குருட்டு எல்லை. நான்கு விடை உள்ள தேர்வில் எதையும் படிக்காமல் நிரப்புபவருக்கு 20 கேள்வியில் சராசரி 5 வரும், பெரும்பாலும் 2-க்கும் 8-க்கும் இடையில் விழும். 40 கேள்வியில் சராசரி 10, எல்லை 5 முதல் 15. 60 கேள்வியில் சராசரி 15, எல்லை 9 முதல் 21. இந்த எல்லைக்குள் இருக்கும் மதிப்பெண்ணை மட்டும் வைத்து ‘இவருக்கு இது தெரியும், இது தெரியாது’ என்று எதையும் சொல்லக் கூடாது. 40-க்கு 14 வாங்கியவரை 9 வாங்கியவரைவிடக் கெட்டிக்காரர் என்று வரிசைப்படுத்துவது வீண் வேலை.

இரண்டாவது, எளிது-கடினம். வகுப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் சரியாக எழுதிய ஐந்து கேள்விகளை எடுங்கள். 30 சதவீதத்துக்கும் குறைவானவர் சரியாக எழுதிய ஐந்தையும் எடுங்கள். பாடத்தில் பலவீனமான மாணவருக்கும் எளிய ஐந்தில் மூன்றாவது கிடைக்கும், கடினமான ஐந்தில் ஒன்றோ பூஜ்யமோ வரும். படிக்காமல் நிரப்பியவருக்கு இரண்டிலும் ஒன்று, ஒன்று என்றே வரும். குருட்டாம்போக்கில் ஐந்தில் மூன்றோ அதற்கு மேலோ சரியாக விழ வாய்ப்பு பத்தில் ஒன்றுதான். ஆகவே எளிய ஐந்தில் 0 அல்லது 1, மொத்த மதிப்பெண் குருட்டு எல்லைக்குள் என்றால் பெயருக்கு எதிரே ஒரு பென்சில் குறி.

மூன்றாவது, முன்பாதி-பின்பாதி. முதல் 20-இல் 13, அடுத்த 20-இல் 5 என்றால் பாடம் பாதியில் மறந்துபோகவில்லை, ஆள் பாதியில் எழுந்துபோயிருக்கிறார், உட்கார்ந்த இடத்திலேயே. ஆனால் கடினமான கேள்விகள் எல்லாம் கடைசியில் இருந்தாலும் இப்படித்தான் வரும். இந்தக் குழப்பம் வராமல் இருக்க அடுத்த முறை இரண்டு செட் அச்சடியுங்கள்: ஒன்றில் 1-20 முன்னால், இன்னொன்றில் 21-40 முன்னால். கூடுதல் செலவு கிடையாது, காப்பியும் குறையும்.

தவறான விடைகளையும் ஒரு கண் பாருங்கள். √(9+16) எவ்வளவு என்ற கேள்விக்கு 7 என்று எழுதியவர் முயன்றிருக்கிறார். இரண்டையும் தனித்தனியே வர்க்கமூலம் எடுத்துக் கூட்டியிருக்கிறார். அது நடத்தித் திருத்த வேண்டிய பிழை. ஒரு வகுப்பின் தவறுகள் ஒரே விடையில் குவிந்தால் பாடத்தில் கோளாறு. மூன்று தவறான விடைகளிலும் சமமாகச் சிதறினால் பலர் படிக்கவே இல்லை, அல்லது கேள்வியே யாருக்கும் புரியவில்லை.

கணினியில் நடக்கும் தேர்வில் ஒவ்வொரு கேள்விக்கும் ஆன நொடிகள் பதிவானால் வேலை இன்னும் சுலபம். தேர்வில் மாணவர் போடும் முயற்சியை நெடுநாள் ஆராய்ந்த ஸ்டீவன் வைஸும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த விதி எளிது: ஒரு கேள்விக்கு எல்லோரும் எடுத்துக்கொண்ட சராசரி நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் விடை வந்தால் அது ஊகம், இந்த எல்லை 10 நொடியைத் தாண்டக் கூடாது. சராசரி 70 நொடி என்றால் 7 நொடிக்குள் வந்த விடை ஊகம். 40 கேள்வியில் நான்குக்கு மேல் இப்படி வந்தால் அந்த மாணவரின் மொத்த மதிப்பெண்ணை நம்பக் கூடாது என்பது பரவலாகக் கையாளப்படும் எல்லை. இப்படி விரைந்து தட்டிய விடைகளில் சரியானவை ஏறத்தாழக் குருட்டு விகிதத்திலேயே இருக்கும் என்று திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள்.

பெயரைக் குறிப்பதற்கு இவற்றில் இரண்டு அடையாளமாவது சேர்ந்து இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், குறித்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அசெம்பிளியில் யாரையும் நிறுத்தக் கூடாது. ஒரு முறை தண்டனை கொடுத்தால் அடுத்த முறை வட்டங்களைக் கலைத்துக் கலைத்து, மெதுவாக, அழகாக நிரப்புவார்கள். அப்புறம் உங்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

படி 4: அவர்களிடமே கேளுங்கள்

தேர்வு முடிந்த ஐந்து நிமிடத்துக்குள், பெயர் எழுதாத ஒரு துண்டுச் சீட்டு. பல நாடுகளின் 15 வயது மாணவர்கள் எழுதும் பிசா தேர்வில் பயன்படுத்தும் முயற்சி அளவுகோலை அப்படியே தமிழில் எடுத்துக்கொள்ளலாம்: “இந்தத் தேர்வுக்கு எவ்வளவு முயற்சி போட்டீர்கள், 1 முதல் 10 வரை? இதே தேர்வின் மதிப்பெண் ரிப்போர்ட் கார்டில் ஏறும் என்றால் எவ்வளவு போட்டிருப்பீர்கள்?” இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் உங்களுக்கு வேண்டும். வகுப்புச் சராசரியில் இடைவெளி 1 என்றால் கவலை இல்லை. 3 அல்லது 4 என்றால் அந்தத் தேர்வின் முடிவை வைத்து ஆய்வுக் கூட்டத்தில் பேசாமல் இருப்பது நல்லது.

மூன்றாவதாக ஒரு திறந்த கேள்வி: “எந்தக் கேள்வியிலிருந்து படிப்பதை விட்டீர்கள்?” எண்ணை எழுதச் சொல்லுங்கள். ஆச்சரியமாக, உண்மையைத்தான் எழுதுவார்கள். பத்துப் பேர் அதே எண்ணை எழுதினால் அந்த இடத்தில் என்ன கேள்வி இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் பக்கம் நிறைந்த ஒரு உரைப்பத்தி இருக்கும்.

படி 5: காரணத்தைப் பிரியுங்கள்

‘இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பு இல்ல’ என்பது காரணம் ஆகாது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. செய்யக்கூடிய காரணங்கள் இவை.

எழுதியது திரும்பி வருவதில்லை. காலாண்டுத் தாள் கைக்கு வரும்போது அரையாண்டு வந்துவிடுகிறது. பொதுவான அடைவுத் தேர்வுகளில் தாளே வருவதில்லை. மூன்று நான்கு முறை இப்படி ஆனபின் மனம் வைப்பதை நிறுத்துவது சோம்பேறித்தனம் இல்லை, அனுபவம்.

வாசிப்புச் சுமை. இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். திறன் சார்ந்த கேள்வி என்றாலே நான்கு வரிக் கதை வந்துவிடுகிறது. “ஒரு நகரில் ஆட்டோவுக்கு முதல் 2 கிலோமீட்டருக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 50 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 18 ரூபாய்…” என்று தொடங்கி, 7 கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று முடிகிறது. உள்ளே இருக்கும் கணக்கு 50 + 5×18. குறி விழுந்த மாணவர்களுக்கு மறுநாள் இந்த வரியை மட்டும் ஒரு சீட்டில் கொடுங்கள். 140 என்று எழுதினால் கணக்கு தெரிகிறது, நான்கு வரியைக் கடக்கத்தான் முடியவில்லை. உங்கள் வினாத்தாளின் சொற்களையும் எண்ணிப் பாருங்கள். கேள்விக்கு 45 சொல் வீதம் 40 கேள்வி என்றால் 1,800 சொல். நிமிடத்துக்கு 60 சொல் படிப்பவருக்கு வாசிக்க மட்டுமே 30 நிமிடம் ஆகும். 60 நிமிடத் தேர்வில் பாதி அதிலேயே போய்விட்டது. அவர் பத்தாவது கேள்வியில் படிப்பதை விட்டால், அவர் நிலையில் அது சரியான முடிவுதான்.

தற்காப்பு. முயன்று தோற்றால் ‘மக்கு’, முயலாமல் தோற்றால் ‘விளையாட்டுப் பிள்ளை’. பதினைந்து வயதில் இரண்டாவது பெயர் எவ்வளவோ மேல். ‘நான் படிக்கவே இல்லடா, சும்மா போட்டேன்’ என்று ஹாலை விட்டு வெளியே வந்ததும் உரக்கச் சொல்பவர்களில் பாதிப்பேர் இந்த வகை. இவர்களுக்குக் கண்டிப்பு மருந்து ஆகாது.

தேர்வு நெருக்கடி. பிளஸ் டூவில் மாதத் தேர்வு, இடைப்பருவம், காலாண்டு, அரையாண்டு, அதன்பின் மூன்று ரிவிஷன், நடுவே தினசரி ஸ்லிப் டெஸ்ட். எல்லாவற்றுக்கும் ஒரே தீவிரம் யாராலும் காட்ட முடியாது. நீட், ஜேஇஇ பயிற்சிக்குப் போகிறவர் இதோடு வாரத் தேர்வும் எழுதுகிறார், பள்ளித் தேர்வில் எதை விடலாம் என்று அவரே பட்டியல் போட்டு வைத்திருப்பார்.

மணி. டென்மார்க்கின் தேசியத் தேர்வுத் தரவுகளை வைத்து 2016-இல் வந்த ஆய்வில், நாள் செல்லச் செல்ல ஒவ்வொரு மணிக்கும் மதிப்பெண் சிறிது சிறிதாக இறங்கியது. தேர்வுக்கு முன் 20 முதல் 30 நிமிட இடைவேளை கிடைத்தவர்களுக்கு அது ஏறியது. அங்கே குளிர். நம் ஊரில் மார்ச் மாதம், மதியச் சாப்பாடு முடிந்து, தகரக் கூரை வகுப்பில் 2 மணித் தேர்வு என்றால் சொல்லவே வேண்டாம்.

படி 6: அடுத்த தேர்வை மாற்றி அமையுங்கள்

அரசின் ஆய்வுத் தேர்வில் கேள்வியையோ நேரத்தையோ நீங்கள் தொட முடியாது. பள்ளியே நடத்தும் தேர்வில் எல்லாம் உங்கள் கையில்.

1. எண்ணிக்கையைக் குறையுங்கள். வகுப்பின் நிலை மட்டும் தெரிய வேண்டுமென்றால் எல்லோரும் எல்லாக் கேள்வியும் எழுத வேண்டியதில்லை. 60 கேள்வியை மூன்று தாளாகப் பிரித்து ஒவ்வொருவருக்கும் 20 கொடுங்கள். வகுப்பில் 45 பேர் இருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் 15 விடை கிடைக்கும், எந்தப் பாடத்தில் ஓட்டை என்று பார்க்க அது போதும். தனி மாணவரின் மதிப்பெண்ணுக்கு இந்த முறை உதவாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

2. கடினத்தைக் கலந்து வையுங்கள். எளிதில் தொடங்கிக் கடினத்தில் முடியும் தாளில் பலவீனமான மாணவர் பாதியிலேயே கதவைச் சாத்திவிடுவார். இரண்டு கடினக் கேள்விக்குப் பின் ஒரு எளிய கேள்வி. 22, 28, 34 என்று பின்பாதியில் உறுதியாகச் சில எளிய கேள்விகள் இருக்கட்டும். அவை இன்னொரு வேலையும் செய்யும்: அங்கே தவறு குவிந்தால் படிக்காமல் நிரப்புகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

3. நீளமான பத்திக் கேள்விகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள். ஒரு பத்திக்கு மூன்று கேள்வி இருந்தால்தான் படித்த உழைப்புக்குப் பலன்.

4. காலை முதல் இரண்டு பீரியடுக்குள் வையுங்கள். முடியாவிட்டால் மதியம் தொடங்கும் முன் 20 நிமிடம் வெளியே விடுங்கள், தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும்.

5. வட்டம் நிரப்பும் பழக்கத்தைத் தேர்வுக்கு முன்னரே, தனியாக, வெற்றுத் தாளில் 10 நிமிடம் கொடுங்கள். தேர்வு அன்று பதிவெண் நிரப்பத் தெரியாமல் கால் மணி நேரம் தவித்தவர் எரிச்சலோடுதான் முதல் கேள்விக்கு வருவார்.

6. வருடத்துக்கு எத்தனை தேர்வு என்பதைப் பாட ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே நாட்காட்டியில் குறியுங்கள். ஒரே வாரத்தில் மூன்று விழுந்தால் ஒன்றைத் தூக்குங்கள். இதுதான் பள்ளிகளில் அதிகம் எதிர்ப்பு வரும் படி, பலன் அதிகம் தருவதும் இதுவே.

படி 7: தொடங்கும் முன் மூன்று நிமிடம் பேசுங்கள்

‘பள்ளி மானம் உங்க கையில’ என்றால் சிரிப்பார்கள். ‘மார்க் குறைஞ்சா டிசி’ என்றால் பொய் என்று தெரியும். உண்மையைச் சொல்வதே எடுபடும். உதாரணமாக:

“இந்த டெஸ்ட் மார்க் ரிப்போர்ட் கார்டுல வராது. யாரு ஃபர்ஸ்ட், யாரு லாஸ்ட்னு படிக்க மாட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும், போன மாசம் நடத்துனதுல எது உங்களுக்கு ஏறல. சும்மா ஷேட் பண்ணிட்டீங்கன்னா தெரிஞ்ச பாடத்தையே நான் திரும்ப நடத்துவேன், போர் அடிக்கும். தெரியாத கேள்விய விட்டுடுங்க, தப்பில்ல. வெள்ளிக்கிழமை தாள் உங்க கையில இருக்கும்.”

கடைசி வாக்கியத்தைச் சொன்னால் வெள்ளிக்கிழமை கொடுத்தே ஆக வேண்டும். முடியாது என்றால் சொல்லாதீர்கள். ஒரு முறை தவறினால் அடுத்த முறை இந்தப் பேச்சுக்கு மதிப்பு இருக்காது. தெரியாததை விடலாம் என்று சொல்வது உங்கள் பள்ளித் தேர்வுக்கு மட்டும். பொதுத்தேர்விலும், தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்காத மற்ற தேர்வுகளிலும் எதையும் விடக் கூடாது என்பதைப் பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

படி 8: ஹாலில்

சீக்கிரம் முடித்தவர் கிரவுண்டுக்குப் போகலாம் என்ற ஒரு சலுகை போதும், மொத்தத் தேர்வும் கெட்டுவிடும். முதல் ஆள் எழுந்ததும் அடுத்த மூன்று நிமிடத்தில் பத்துப் பேர் எழுவார்கள். முடித்தவர் கடைசி மணி வரை இருக்கையிலேயே இருக்கட்டும், நூலகப் புத்தகம் ஒன்று கையில் இருக்கலாம், பாடப் புத்தகம் வேண்டாம்.

கண்காணிப்பாளர் தேர்வு தொடங்கிய 10-ஆவது நிமிடமும் பாதி நேரத்திலும் ஒரு சுற்று வர வேண்டும். யார் எந்தக் கேள்வியில் இருக்கிறார் என்று வரைபடத்தில் குறித்தால் பின்னால் பெரிதும் உதவும். 10 நிமிடத்தில் 35-ஐத் தாண்டியவரிடம் குனிந்து, மற்றவர் காதில் விழாமல், ‘நேரம் நிறைய இருக்குப்பா, ஒரு தடவை மேலேருந்து பாரு’ என்றால் போதும். விடை பற்றி ஒரு சொல்லும் கூடாது. அரசின் ஆய்வுத் தேர்வில் இதையும் செய்யக் கூடாது, அங்கே கள ஆய்வாளரின் விதிதான் விதி. கண்காணிப்பாளரே செல்போன் பார்த்துக்கொண்டிருந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது.

படி 9: பரிசு கொடுக்கலாமா?

கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் ஷாங்காயிலும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு 25 கணிதக் கேள்வி கொண்ட தேர்வு. ஒரு பிரிவினருக்குத் தேர்வு தொடங்கும் நேரத்தில் ஒரு கவரில் 25 ஒரு-டாலர் நோட்டுகள், ஷாங்காயில் அதற்கு ஈடான யுவான். தவறான ஒவ்வொரு விடைக்கும் ஒரு நோட்டு திரும்பப் போகும். அமெரிக்க மாணவர்கள் அதிகக் கேள்விகளை முயன்றார்கள், அதிகம் சரியாகவும் எழுதினார்கள். ஷாங்காய் மாணவர்களிடம் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. பணம் கடைசி நேரத்தில்தான் தெரிந்தது என்பதால் யாரும் புதிதாகப் படித்துவிட்டு வந்திருக்க முடியாது. மாறியது முயற்சி மட்டும். 2019-இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பின், நாடுகளின் தரவரிசையில் எவ்வளவு அறிவு, எவ்வளவு முயற்சி என்று கேட்காமல் பேசுவது கடினமாகிவிட்டது.

சிகாகோ பகுதிப் பள்ளிகளில் நடந்த இன்னொரு பரிசோதனை பள்ளிகளுக்கு இன்னும் நேரடியாக உதவும். தேர்வு முடிந்த உடனே கொடுத்த பரிசு வேலை செய்தது. அதே பரிசு ஒரு மாதம் கழித்து என்றபோது பலன் காணாமல் போனது. ஆண்டு விழாவில் கோப்பை தருகிறோம் என்பது ஜூலை மாதத் தேர்வுக்கு உதவாது.

பணம் நம் பள்ளிகளுக்கு ஒத்துவராது, வரவும் வேண்டாம். பேனா, சாக்லேட் ஒரு முறை வேலை செய்யும், மூன்றாம் முறை ‘இன்னிக்கு இல்லையா சார்?’ என்று பேரம் தொடங்கும். செலவில்லாத உடனடிப் பலன் ஒன்று உண்டு: தேர்வு முடிந்து தாள் வாங்கிய பத்தாவது நிமிடம் விடைக்குறிப்பைக் கரும்பலகையில் எழுதுவது. அந்தச் சூட்டில் நடக்கும் வாக்குவாதம் ஒரு வகுப்புக்குச் சமம்.

மேல்நிலை வகுப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் 10 மதிப்பெண் அகமதிப்பீடு இருக்கிறது. உள்தேர்வுகளுக்கு எடை கொடுக்க வந்த ஏற்பாடு அது. எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போட்டுக் கொடுத்ததால் அந்த எடை காற்றில் போனது, மாணவருக்கும் அது நன்றாகத் தெரியும்.

படி 10: தாளைத் திருப்பிக் கொடுங்கள்

மூன்று வேலை நாளுக்குள். ஒரு பீரியட் 40 நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் 5 நிமிடம்: தாள் கொடுக்கும் முன் ஒவ்வொருவரும் தனக்கு எத்தனை வரும் என்று எழுதட்டும். அடுத்த 10 நிமிடம்: தன் தவறுகளுக்கு எதிரே ‘தெ’ (தெரியாது), ‘க’ (கவனக்குறைவு), ‘ப’ (படிக்கவில்லை) என்று மூன்றில் ஒன்றைக் குறிக்கட்டும். அடுத்த 20 நிமிடம்: வகுப்பில் அதிகம் தவறிய மூன்று கேள்வி மட்டும். நான்காவதுக்குப் போகாதீர்கள். மீதி 5 நிமிடம்: ‘தெ’ குறித்தவற்றில் ஒன்றை இந்த வாரத்துக்குத் தேர்ந்தெடுத்து நோட்டில் எழுதுவது.

‘ப’ குறியைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். படி 3-இல் நீங்கள் பென்சிலால் குறித்த பட்டியலோடு அது பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத பெயர்கள்தான் முக்கியம். நீங்கள் குறித்தும் அவர் ‘தெ’ என்று எழுதியிருந்தால் தனியே கூப்பிட்டு ஒரு கேள்வியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். திக்கித் திக்கிப் படித்தால் விஷயம் வேறு, தேர்வோடு அதற்குச் சம்பந்தமில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ‘எவ்வளவு மார்க்?’ என்பதற்கு முன் ‘எத்தனை நிமிஷத்துல முடிச்சே?’ என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டு மார்க்கை இழுக்காமல் கேட்டால் பதில் நேராக வரும். பிளஸ் டூ பிள்ளை ‘இந்த டெஸ்ட் வேஸ்ட்மா’ என்றால் உடனே மறுக்க வேண்டாம். சில நேரம் அது உண்மை. எது வேஸ்ட், எது இல்லை என்று அவரே சொல்லட்டும், மூன்று ரிவிஷனில் ஒன்றையாவது பொதுத்தேர்வு போல, முழு நேரமும் உட்கார்ந்து எழுத ஒப்புக்கொள்ள வையுங்கள்.

படி 11: எண்ணை எப்படிச் சொல்வது

முயன்றவர்களும் முயலாதவர்களும் ஒரே தேர்வில் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று பல ஆய்வுகளைத் தொகுத்து படி 3-இல் வந்த வைஸும் உடன் ஆய்வாளர் டிமார்ஸும் 2005-இல் பார்த்தபோது, சராசரி வித்தியாசம் திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 0.59 மடங்கு. 40 மதிப்பெண் தேர்வில் வகுப்பின் திட்ட விலக்கம் 6 என்றால் இது சுமார் 3.5 மதிப்பெண்.

ஆகவே அறிக்கையில் இரண்டு சராசரியையும் கொடுங்கள். உதாரணம்: 40 மாணவர், சராசரி 16, மொத்தம் 640. குறி விழுந்தவர் 8 பேர், அவர்கள் சராசரி 10, மொத்தம் 80. மீதி 32 பேரின் மொத்தம் 560, சராசரி 17.5. “40 பேர் எழுதினர், சராசரி 16. விடைத்தாள் அமைப்பில் 8 தாள் நம்பத்தக்கதாக இல்லை. அவை நீங்கலாகச் சராசரி 17.5” என்று ஒரே வரியில் எழுதுங்கள். எட்டுத் தாளையும் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு 17.5 மட்டும் கொடுப்பது மோசடி. குறி போடும் விதியை மதிப்பெண் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குறைந்த மார்க் எல்லாமே ‘முயலவில்லை’ ஆகிவிடும். உண்மையிலேயே பாடம் தெரியாத பிள்ளை அந்தப் பட்டியலில் மறைந்துபோவதுதான் இந்த முறையின் மிகப் பெரிய ஆபத்து.

இங்கே போல ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறி விழுந்தால் சராசரியைப் போன ஆண்டோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, அந்த எட்டுப் பேருக்கும் இரண்டு வாரம் கழித்து 20 கேள்வி கொண்ட இணையான தாளைக் காலையில், சிறு குழுவாக, மூன்று நிமிடப் பேச்சோடு கொடுத்துப் பாருங்கள். 20-க்கு 5-லேயே நின்றவருக்குப் பாடம் வேண்டும், அடிப்படையிலிருந்து. 10, 11 என்று ஏறியவரின் பெயரை மெல்லக் கற்போர் பட்டியலிலிருந்து அன்றைக்கே எடுத்துவிடுங்கள், அவருக்கும் அதைச் சொல்லிவிடுங்கள்.